கண் மூடிய இடங்கள்

அன்புள்ள நட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். அங்கே நீயும், ஈரக்காற்று பட்டால் வலிக்கும் உன் வலது தோளும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் எண்ணம். இரண்டாவது எண்ணம் பால் வந்துவிட்டதா என்பது. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசும்போது பின்னால் பெட்டிகள் உருளும் சத்தம் கேட்டது. லீவு நாளிலும் விமான நிலையத்துக்கு வேலைக்குப் போய்விட்டாய் என்று புரிந்துகொண்டேன். கேட்கவில்லை. சாப்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா என்று நீ கேட்டாய், ரெண்டும் ஆச்சு என்றேன், பெட்டி ஓடற பட்டை நின்னுபோச்சும்மா, எல்லாம் மலையாட்டம் குமியுது, வைக்கிறேன் என்றாய். அதன்பிறகும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். போனில் எனக்கு ஒன்றும் சொல்ல வருவதில்லை. எல்லாம் சேர்ந்து நல்லாயிருக்கேன் என்று ஒரே சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. காகிதம் நடுவில் வைக்கிறேன் என்று சொல்லாது, அதனால் எழுதுகிறேன்.

வீடு அப்படியேதான் இருக்கிறது. உன் அறை ஜன்னல் கொக்கி கழன்று காற்றடிக்கும்போதெல்லாம் டக் டக் என்கிறது, ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி வைத்திருக்கிறேன், நீ வந்து பார்த்தால் திட்டுவாய். எதிர் பிளாக்கில் புதிதாக ஒருவர் டிரம்பெட் பழகுகிறார். ஒரே வரியை வாசிக்கிறார், ஒரே இடத்தில் தப்பு விடுகிறார், அந்த இடம் வரும்போது நான் கையில் இருப்பதை வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். சோபாவில் அப்பா படுத்திருந்த பக்கம் இன்னும் பள்ளமாகவே இருக்கிறது. அந்தப் பக்கம் நான் உட்காருவதில்லை. மரியாதை எல்லாம் ஒன்றுமில்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. லிஃப்ட் நடுவில் மறுபடியும் நின்றுபோயிருந்தது. லிஃப்ட் மெக்கானிக் வீட்டு லிஃப்டே நிற்குது பாருங்க என்று கீழ்வீட்டுப் பல் டாக்டர் சிரித்தார். மெக்கானிக் போய் மூன்று வருடம் ஆகிறது டாக்டர் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. அப்புறம் நானே, அவர் இருந்தப்பவும் நின்னுட்டுதான் இருந்தது, கம்பெனி லிஃப்டைப் பார்க்கவே அவருக்கு நேரம் சரியாயிருந்தது என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. தனியாக இருப்பதில் இது ஒரு வேலை. மற்றவர்களின் சங்கடத்தை நாம்தான் துடைத்துவிட வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நாவல் முடிந்துவிட்டது. கடலில் இருந்து வானத்துக்குப் போகும் லிஃப்டை ஓட்டுகிறவனின் கதை, உனக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறேன், நீ சரி சரி என்றாய். மேலே போகப் பல நாள், கீழே வரப் பல நாள். வாழ்நாள் முழுக்க ஏறி இறங்குகிறான், ஆனால் மேலே இருக்கும் நிலையத்திலும் அவன் கால் வைத்ததில்லை, கீழே இருக்கும் ஊரிலும் அவனுக்கு வீடில்லை. பதிப்பாளர் இந்த மாதக் கடைசிக்குள் கேட்கிறார். நல்லாத்தான் இருக்கு மேடம், ஆனா செங்கல்லு மாதிரி இருக்கு, பாதியாக்குங்க, இல்லேன்னா வாங்கறவங்க கதவுக்கு முட்டுக் கொடுக்கத்தான் வெச்சுக்குவாங்க என்றார். அவர் சொன்னது சரி. பாதியை வெட்ட வேண்டும். எந்தப் பாதி என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் விஷயம். ஊரார் புத்தகத்தையெல்லாம் இத்தனை காலம் வெட்டியவளுக்குத் தன் புத்தகத்தில் எங்கே வெட்டுவது என்று தெரியவில்லை, ஏனென்றால் அதை நான் ஒருநாளும் தனியாகச் செய்ததில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அப்பா சோபாவில் நீட்டிப் படுத்துக்கொள்வார். நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அந்த வாரம் எழுதியதை வாசிப்பேன். கேட்டுக்கொண்டே இருப்பார். எங்கே கதை இழுக்கிறதோ அங்கே தூங்கிவிடுவார். அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு மூடிய கண் போடுவேன், வளைவாக ஒரு கோடு, அதன் கீழே மூன்று இமை முடி. குறட்டையே விட்டுவிட்டால் கண்ணுக்கு ஒரு வால். கண் என்றால் அந்தப் பத்தியைச் சுருக்க வேண்டும், வால் என்றால் அந்தப் பக்கமே போக வேண்டும். மறுநாள் நான் வேலை பார்த்த குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் தண்ணீர் மாதிரிகளைக் காய்ச்சிக்கொண்டே மனத்துக்குள் வெட்டிவிடுவேன். ஒருமுறைகூட அவரிடம் கருத்துக் கேட்டதில்லை. கேட்டாலும், நமக்கென்ன தெரியும் எழுத்தாளரம்மா, படுத்தா தூக்கம் வருது என்பார். லிஃப்டைப் பற்றி மட்டும் பேசுவார். இந்த நாவலின் தொடக்கத்தில் கயிறு அறுந்து லிஃப்ட் விழுவதாக எழுதியிருந்தேன். எழுந்து உட்கார்ந்துவிட்டார். கயிறு அறுந்தா லிஃப்ட் விழாது, பிரேக் பிடிச்சுக்கும், அப்படியே நிக்கும், உள்ள இருக்கறவன் பயத்துலதான் சாவான் என்றார். அப்படியே மாற்றி எழுதினேன். நாவலே அங்கேதான் தொடங்குகிறது இப்போது. நிற்கிற லிஃப்டில்.

ரொம்ப முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உனக்கு ஆறு வயது இருக்கும். அவர் தலைமாட்டில் நின்றுகொண்டு அவர் இமையை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, அப்பா முழிச்சுட்டுதாம்மா இருக்காரு என்றாய். சும்மா இருடி, உழைச்ச உடம்பு, தூங்கட்டும் என்றேன். அப்பா உடனே ஒரு குறட்டை விட்டார். நான் வால் போட்டேன். இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

என் எழுத்து வாழ்க்கை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு தட்டில் வைத்தால் தட்டு தெரியும். ஆனாலும் உனக்கு அது முழுதாகத் தெரியாது என்று நினைக்கிறேன், நீ பிறப்பதற்கு முன்பே பாதி நடந்துவிட்டது. முதல் கதை, தண்ணீர் இல்லாத ஒரு கிரகத்தில் குழாய் பழுதுபார்க்கிற பெண்ணைப் பற்றியது. பெயரை எழுதாமல் தலைப்பெழுத்தை மட்டும் போட்டு அனுப்பினேன். ஐயா, தங்கள் கதை கிடைத்தது என்று பதில் வந்தது. பத்திரிகையில் படம் வரைந்தவர் அந்தப் பெண்ணைத் தோள் அகன்ற ஓர் ஆணாக்கி, கையில் இருந்த ஸ்பேனரைத் துப்பாக்கியாக்கியிருந்தார். அப்பாவிடம் காட்டினேன். கல்யாணம் ஆகி அப்போது சில மாதம். அவர் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, இவன் கையிலே இருக்கறதை வெச்சு ஒரு நட்டைக்கூடக் கழட்ட முடியாதே என்றார். அப்புறம் கதையைப் படிக்கச் சொன்னார். அதுதான் முதல் ஞாயிற்றுக்கிழமை.

கதைகள் வந்துகொண்டிருந்தன. பிறகு அதே பத்திரிகையின் ஆசிரியர், இந்த மாதிரிக் கதையெல்லாம் நிறைய வருது, யாருக்கும் தலையும் புரியல வாலும் புரியல, நீங்க படிச்சு எது தேறும்னு எழுதுங்களேன் என்றார். கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கம் எனக்கென்று ஆனது. மாதா மாதம் யாராவது எழுதிய ஒரு நாவல், ஒரு தொகுப்பு. தயவு பார்த்ததில்லை. இந்த விண்கலம் புறப்படும் முன்பே எனக்கு இறங்கிவிடத் தோன்றியது என்று ஒருவருடைய நாவலைப் பற்றி எழுதினேன். அவர் அதோடு எழுத்தை விட்டுவிட்டுக் குளிர்சாதனக் கடை வைத்தார், நன்றாக இருக்கிறார், நம் வீட்டு ஃப்ரிட்ஜே அவர் கடையில் வாங்கியதுதான். வாசகர்கள் எனக்குக் கத்தரிக்கோல் என்று பெயர் வைத்தார்கள். கூட்டங்களுக்குப் போனால் இளைஞர்கள் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னால் அப்பா, கத்தரிக்கோல் ஒரு டீ போட்டுக் குடுக்குமா என்பார்.

அந்தப் பக்கத்துக்கு ஒரு விதி உண்டு. பக்கத்தை எழுதுகிறவரின் புத்தகத்தைப் பற்றி அந்தப் பக்கத்தில் எழுதக் கூடாது. நியாயமான விதி. நானே கேட்டு வைத்ததுதான். ஆனால் இந்த மாதிரிப் புத்தகங்களைப் பற்றி எழுத வேறு எந்தப் பத்திரிகையிலும் இடம் இல்லை. அதனால் என் நான்கு நாவல்களைப் பற்றியும் எங்கும் ஒரு வரி வரவில்லை. நல்லது என்றும் இல்லை, குப்பை என்றும் இல்லை. கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பதுபோல. மற்றவர்களுக்கு அந்தச் சத்தமாக நான் இருந்தேன். எனக்கு அப்பாவின் தூக்கம் இருந்தது. அது போதும் என்றுதான் உண்மையிலேயே நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னிடமிருந்து ஒரு விமர்சனம் வந்தது, மறந்திருப்பாய். பதினேழு வயதில் மூன்றாவது நாவலைப் பாதிவரை படித்துவிட்டு மேஜையில் கவிழ்த்து வைத்தாய். என்னடி என்றேன். உன் கதையில யாரும் யாரையும் தொடவே மாட்டேங்கறாங்கம்மா, எல்லாரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னே பேசறாங்க என்றாய். அதற்குப் பிறகு நீ என் புத்தகம் எதையும் திறந்ததாகத் தெரியவில்லை. நான் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்திருப்பாய். இல்லை. பென்சிலை எங்கே வைப்பது என்று தெரியாமல் போய்விட்டது. நீ சொன்னதற்காக வெட்டுவதென்றால் நாவல் முழுவதையும் வெட்ட வேண்டும்.

இந்த வருடத் தொடக்கத்தில் பக்கத்தை விட்டுவிட்டேன். கண்ணும் சரியில்லை, பொறுமையும் இல்லை. இப்போது எழுதுகிறவர் ஒரு கல்லூரி விரிவுரையாளர், உன்னைவிட இரண்டு மூன்று வயது சிறியவராக இருப்பார். வீட்டுக்கு வந்தார். லிஃப்ட் வேலை செய்யாததால் ஆறு மாடியும் ஏறி வந்து மூச்சு வாங்க வாசலில் நின்றார். தண்ணீர் கொடுத்தேன். மேடம், நீங்க விட்டதும் முதல் காரியமா உங்க புது நாவலைப் பத்தித்தான் எழுதப் போறேன், அந்த விதி இனிமே உங்களைக் கட்டாது இல்லையா என்றார். தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை ஒருவர் என் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து யோசிக்கப் போகிறார். இந்த வயதில் இதுதான் முதல், அநேகமாக இதுதான் கடைசி. அதனால்தான் அது சரியான புத்தகமாக இருக்க வேண்டும் நட்டு. செங்கல்லாக இருக்கக் கூடாது. அவரிடமே கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து எங்கே இழுக்கிறது பாருங்கள் என்றேன். ஒரு வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்தார். எல்லாமே நல்லாருக்கு மேடம், எதை எடுக்கச் சொல்வேன் என்றார். முகத்தைப் பார்த்தேன். அவருக்கு என்னிடம் பயம். கத்தரிக்கோலிடம் போய் யார் கத்தரிப்பது.

ஆகவே தூங்குவதற்கு ஆள் தேடினேன். சிரிக்காதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டரையும் அவர் மனைவியையும் டீக்கு அழைத்து முதல் அத்தியாயத்தை வாசித்தேன். டாக்டர் முதுகை நிமிர்த்தி, வாயைக் கொஞ்சம் திறந்தபடி, கடைசிவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களைத் திறக்கச் சொன்ன வாய். அந்த அம்மாள் கொட்டாவி வந்தபோதெல்லாம் கைக்குட்டைக்குள் இருமினார். மரியாதை தெரிந்தவர்கள், உபயோகமில்லை. பிறகு கேட் வாட்ச்மேனுக்கு வாசித்தேன். இரண்டாவது வரியில் தூங்கிவிட்டார். சந்தோஷமாகப் பென்சிலை எடுத்தேன். எழுப்பியபோது, ரெண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பாத்தேம்மா, கதையெல்லாம் ஜோரு என்றார். பிறகு நானே வாசித்துப் பதிவு செய்து, அதை ஓடவிட்டு, சோபாவில் படுத்துப் பார்த்தேன். அப்பாவின் பள்ளத்தில்தான். என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாம் தெரிந்தவள் பேசுகிற குரல். தூக்கம் வரவில்லை. எழுந்திருக்கவும் முடியாமல் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன்.

போன வாரம் லிஃப்டைச் சரிபார்க்கக் கம்பெனியில் இருந்து கிரீஸ் மாமாவே வந்துவிட்டார். அப்பாவோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர், உன்னைத் தூக்கி உன் வெள்ளைச் சட்டையெல்லாம் கறையாக்கியவர். ரிட்டயர் ஆகியும் அவரைத்தான் கூப்பிடுகிறார்களாம், புதுப் பசங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுது அண்ணி, ஆனா காது வெச்சுக் கேக்கத் தெரியல என்றார். உன்னைக் கேட்டார். நட்டு எங்க வேலை பாக்குது, பெட்டி ஓட்டற மெஷினா, அப்ப நம்ம ஜாதிதான் என்று சிரித்தார். நம் மாடியிலேயே லிஃப்டை நிறுத்திக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தார். நான் நாற்காலியை வெளியே போட்டு உட்கார்ந்தேன். பேச ஆள் கிடைத்ததில் எல்லாவற்றையும் சொன்னேன், நாவல், பதிப்பாளர், வாட்ச்மேன் தூங்கியது, அப்பா இருந்திருந்தால் நல்ல தூக்கமாகத் தூங்கிக் கொடுத்திருப்பார் என்று.

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவரா தூங்கினாரு அண்ணி, அவருக்குப் பகல்ல தூக்கமே வராதே என்றார். மதியம் மோட்டார் ரூம்ல நாங்க எல்லாம் சாஞ்சிடுவோம், அந்த மனுஷன் மட்டும் ஆந்தையாட்டம் உக்காந்துக்கிட்டு டீக்கு எழுப்புவாரு. ஞாயித்துக்கிழமை ஷிஃப்ட் போட்டா வர மாட்டாரு, எனக்குக் கண்ண மூடற வேலை இருக்குடாம்பாரு. என்னங்க வேலை அதுன்னா, எங்க வீட்ல எழுதறா, அங்கங்க ஓவராப் போயிடுது, வாயால சொன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவா, கண்ண மூடினா பென்சிலை எடுத்துக்குவா, நீயே சொல்லு எது சுலபம்னு கேப்பாரு. சிலது தாங்கவே முடியலேன்னா குறட்டை விட்டுருவேன்னு சொல்லுவாரு. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன் அண்ணி.

எனக்குத் தெரியாது. ஆறு வயதுக் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்தவர் எழுதியதில் எங்கே பொய் இருக்கிறது என்று மாதா மாதம் கண்டுபிடித்து எழுதியவளுக்கு, எதிரில் படுத்திருந்தவரின் இமை ஆடுவது தெரியவில்லை. குனிந்து பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். முதலில் கோபம்தான் வந்தது. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, கிரீஸ் மாமாவுக்கு இன்னொரு டீ போட்டேன். அவர் போன பிறகு பழைய பிரதிகளை எடுத்து மூடிய கண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பில்லை. எங்கெல்லாம் நான் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட நினைத்தேனோ அங்கெல்லாம் கண் மூடியிருக்கிறது. எங்கே இரண்டு பேர் சும்மா உட்கார்ந்து பேசுகிறார்களோ அங்கே விழித்திருக்கிறார். என் நான்கு நாவல்களுக்கும் விமர்சனம் வந்திருக்கிறது. வாரா வாரம் வந்திருக்கிறது. எங்கும் ஒரு வரி வரவில்லை என்று இந்தக் கடிதத்திலேயே மேலே எழுதியிருக்கிறேன், அடிக்காமல் விடுகிறேன், அப்படித்தான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று நீ தெரிந்துகொள்ள.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த நாவலில் ஒன்பதாவது அத்தியாயம்வரைதான் அப்பா கேட்டார். ஏழுவரை அங்கங்கே ஒரு கண், வழக்கம்போல. எட்டும் ஒன்பதும் முழுக்கக் கண். பத்திக்குப் பத்தி கண், வால். அப்போது அவர் அந்தப் புது மாத்திரையில் இருந்தார், தூக்கம் தள்ளும் என்று ஆஸ்பத்திரி டாக்டரே சொன்ன மாத்திரை. நான் அதை நினைத்துப் பார்க்கவேயில்லை. கதை ரொம்ப மோசமாகப் போகிறது என்று நினைத்து இரண்டு அத்தியாயத்தையும் ஏறக்குறைய முழுவதுமாக வெட்டிவிட்டேன். வெட்டினதும், என்ன எழுத்தாளரம்மா, ரெண்டு வாரமா புதுசா ஒண்ணும் இல்லையா என்று அவர் கேட்டது இப்போதுதான் உறைக்கிறது, நான் வாசித்தது அவர் காதில் விழவே இல்லையோ என்னவோ. அவர் கண்ணை மூடியது மாத்திரையாலா கதையாலா என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் மிச்ச வேலைக்கு வந்த கிரீஸ் மாமாவிடம் கேட்டேன், கடைசி வருஷமும் நடிப்புதானா என்று. அது எனக்குத் தெரியாதே அண்ணி, அப்ப அவரு டூட்டிக்கு வரலையே என்று சொல்லிவிட்டுச் சக்கரத்துக்கு எண்ணெய் விட ஆரம்பித்தார். கேட்டிருக்கக் கூடாது. அவர் கை அதே இடத்தில் வெகுநேரம் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தது.

வெட்டிய தாள்களை நான் எறிவதில்லை, உனக்குத் தெரியும், பின்பக்கத்தில் அடுத்ததை எழுதுவேன். அதனால் பத்தாவது அத்தியாயம் தொடங்கி முடிவுவரை எல்லாம் எட்டும் ஒன்பதும் இருந்த தாள்களின் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. அவர் போன பிறகு எழுதியவை. யாரும் தூங்காத பக்கங்கள். சுத்தமாக இருக்கின்றன, ஓரத்தில் ஒரு கோடு கிடையாது. தாளைத் திருப்பினால் மூடிய கண்களாக இருக்கிறது. ஒருநாள் முழுக்க மேஜையில் உட்கார்ந்து திருப்பித் திருப்பிப் பார்த்தேன். லிஃப்ட் மறுபடியும் நடுவானத்தில் நின்றுவிட, ஓட்டுகிறவனும் ஒரே ஒரு பயணியும் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் இடம்தான் எட்டும் ஒன்பதும். அவர்கள் எதுவும் செய்வதில்லை. பேசிக்கொண்டிருக்கிறார்கள். படிக்கும்போது எனக்கு அது நன்றாக இருப்பதுபோலத் தோன்றுகிறது. அல்லது அப்பா இருந்த நாட்களில் எழுதியது என்பதால் அப்படித் தோன்றுகிறது. என்னால் பிரிக்க முடியவில்லை.

எனவே இதைக் கேள். இந்தக் கடிதத்தோடு ஒரு பென்டிரைவ் இருக்கிறது. போனிலேயே அனுப்பலாமே என்று பல் டாக்டர் சொன்னார், உன் கையில் ஏதாவது ஒன்று வந்து சேரட்டும் என்று எனக்கு இருந்தது. அதில் நாவலை முழுதாக வாசித்திருக்கிறேன். எட்டும் ஒன்பதும் வெட்டாமல் இருக்கின்றன. நடுவில் டிரம்பெட் கேட்கும், தாங்கிக்கொள். ஓர் இடத்தில் லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம் வரும், அது கதையில் இல்லை, லிஃப்டை மறுபடி பார்க்க வந்த கிரீஸ் மாமா. உன் லீவு நாளில், மதியம் சாப்பிட்டுவிட்டு, காலை நீட்டிப் படுத்துக்கொண்டு கேள். விமான நிலையத்தில் வைத்துக் கேட்காதே. பாராட்டாதே. நல்லாருக்கும்மா என்று எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவேன். எங்கெங்கே தூங்கினாய் என்று மட்டும் எழுது. ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன், இதில் ஓர் இடத்தில் ஒருவர் ஒருவரைத் தொடுகிறார். எந்த இடம் என்று சொல்ல மாட்டேன். நீ அப்போது விழித்திருக்கிறாயா என்று தெரிய வேண்டும்.

மாதக் கடைசிக்குள் வராவிட்டாலும் பரவாயில்லை. பதிப்பாளரிடம் சொல்லிவிட்டேன், ஒருத்தர் தூங்கி முடிக்க வேண்டும், அதுவரை பொறுங்கள் என்று. அவர் எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார். நீ வந்து என்னோட இரும்மா என்று கூப்பிடுவதற்கு இப்போதும் அதே பதில்தான். இந்தப் புத்தகம் போகட்டும், பார்க்கலாம். அங்கே எனக்கு உன் ஒருத்தியைத்தான் தெரியும், நீயோ பட்டை நின்றால் ஓடிவிடுவாய். தனியாக இருப்பதற்கு எனக்கு இந்த வீடு பழகிவிட்டது, புது இடத்தில் முதலில் இருந்து பழக வேண்டும். சங்கடப்படாதே, இது புகார் இல்லை.

தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. கனமான பெட்டியை நீயே தூக்காதே, அதற்கு ஆள் இருக்கிறார்கள், இல்லாவிட்டால் மேலதிகாரியிடம் சண்டை போடு, உனக்கு அது நன்றாக வரும். வாரத்தில் ஒரு நாளாவது யாருடனாவது உட்கார்ந்து சாப்பிடு. ஜன்னல் கொக்கிக்கு என்ன அளவு ஸ்க்ரூ வாங்க வேண்டும் என்று அடுத்த முறை போனில் சொல், மறந்துவிடாதே, காற்றுக் காலம் வருகிறது. நீ எந்த வேலையைத் தொட்டாலும் அது ஓட வேண்டும், உன்னைச் சுற்றி எப்போதும் மனிதக் குரல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அப்பாவின் ஆசியும் இதில் சேர்த்திதான். கேட்கும்போது உனக்குத் தூக்கம் வரவில்லை, ஆனால் ஓர் இடம் இழுக்கிறது என்றால், கண்ணை மூடிக்கொள். தூங்கிவிட்டேன் என்று எழுது. நம்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு,
உன் அம்மா